கருவாட்டுல சத்து இருக்கா, வெறும் உப்பு தானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருவாடுன்னு பேச்சு வந்தாலே ரெண்டு கட்சி ஆயிடுது. ஒருத்தர் அது வெறும் உப்பு, அதுல என்ன இருக்குங்கறார், இன்னொருத்தர் கருவாட்டுல இல்லாத சத்தே கிடையாதுன்னு அடிச்சு சொல்றார், ரெண்டு பேருமே எந்தக் கருவாடுன்னு மட்டும் சொல்றதில்ல. உப்பே போடாம காய வச்ச நெத்திலியும், உப்புல ஊறிக் காய்ஞ்ச சீலாவும் ஒரே கடையில பக்கத்துல பக்கத்துல கிடக்கும், ஆனா உடம்புக்குள்ள போனா ரெண்டும் வேற வேற சாப்பாடு. எந்த மீன், காயப்போடும்போது எவ்வளவு ஃப்ரெஷ்ஷா இருந்துச்சு, எவ்வளவு உப்பு, முள்ளோட திங்கறோமா இல்லையா, இந்த நாலுல தான் எல்லாமே இருக்கு. கீழ வர்ற பதில்கள் நம்ம கிழக்குக் கடற்கரையில கிடைக்குற கருவாட்டை வச்சு எழுதுனது.

மீனைக் காய வச்சா சத்தெல்லாம் போயிடாதா?

போறது முக்கியமா தண்ணி. பச்சை மீன்ல நூத்துக்கு 70லேருந்து 80 பங்கு தண்ணி தான். அது போகப் போக மிச்சம் இருக்குற புரதம், கால்சியம், தாதுக்கள் எல்லாம் நெருங்கி வந்துடும். உப்பு போடாம நல்லா காய்ஞ்ச நெத்திலி ஒரு கிலோ வேணும்னா கிட்டத்தட்ட 4 கிலோ பச்சை நெத்திலி போடணும், அப்ப அந்த நாலு கிலோவோட புரதம் தான் இந்த ஒரு கிலோவுல உட்கார்ந்திருக்கு. வெயில்ல காயறதால புரதத்துக்குப் பெருசா சேதம் இல்ல. சேதம் ஆகறது கொழுப்புலயும் சில வைட்டமின்லயும், அதைக் கீழ சொல்றேன்.

100 கிராம்ல 60 கிராம் புரதம்னு போடறாங்களே, அப்ப கறி, முட்டை எல்லாத்தையும் விட ஒசத்தியா?

நம்பர் சரி தான். உப்பில்லாத நெத்திலியில 60 கிராம் சுமார் வரும். உப்புக் கருவாடுன்னா அதுல ஈரமும் அதிகம், எடையில ஒரு பங்கு உப்பாவே போயிடும், அதனால 30லேருந்து 45 வரைக்கும் தான் நிக்கும். ஆனா யாரும் 100 கிராம் கருவாடு ஒரு வேளைக்கு சாப்பிடறதில்ல, சாப்பிடவும் கூடாது. ஒரு ஆளுக்கு 20, 25 கிராம் தான் தட்டுல விழும். 25 கிராம் காய்ஞ்ச நெத்திலின்னா ஏறக்குறைய 15 கிராம் புரதம், அதாவது ரெண்டரை முட்டை அளவு. ஐதராபாத்துல இருக்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல சொன்ன கணக்குப்படி ஒரு நாளைக்கு உடம்பு எடை ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேணும், 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். அதுல 15 கிராம் ஒரு கைப்பிடி நெத்திலியில வந்துடுதுன்னா அது சின்ன விஷயம் இல்லைங்க.

சோத்துக்குத் தொட்டுக்க ரெண்டு துண்டு, அதுல என்ன பெருசா வந்துடப் போகுது?

இந்தக் கேள்விக்குத் தான் நான் ரொம்ப அழுத்திப் பதில் சொல்லணும்னு நினைக்கறேன், ஏன்னா கருவாட்டோட உண்மையான வேலை இங்க தான் இருக்கு. நம்ம தட்டுல பெரும்பகுதி அரிசி. அரிசியிலயும் புரதம் இருக்கு, ஆனா அதுல லைசின்னு ஒரு அமினோ அமிலம் கம்மி, அது கம்மியா இருக்குறதால மத்த புரதத்தையும் உடம்பு முழுசா பயன்படுத்திக்க முடியாம போகுது. மீன்ல லைசின் தாராளம். அப்ப ஒரு தட்டு சோத்துக்குக் கொஞ்சமா கருவாடு சேர்த்தாலே அது தன்னோட புரதத்தையும் குடுத்து அரிசியோட புரதத்தையும் பிரயோஜனப்பட வைக்குது. பருப்பும் இதே வேலையைப் பண்ணும், ஆனா பருப்புல பி12 கிடையாது, கருவாட்டுல உண்டு. இன்னொண்ணு, மீனோ கறியோ கூட சேர்ந்து வந்தா கீரை, பருப்புல இருக்குற இரும்புச் சத்தை உடம்பு இன்னும் நல்லா எடுத்துக்கும். துத்தநாகம், செலினியம், கடல் மீன்னா அயோடினும் இருக்கு.

ஐஸ் இல்லாத காலத்துல கடலே பார்க்காத ஊர்ச் சந்தைக்கெல்லாம் கடல் மீனோட சத்து போய் சேர்ந்தது கருவாட்டு மூட்டையில தான். இப்பவும் ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துல பெரிய போட்டு எதுவும் கடலுக்குப் போகாது, மீன் விலை ஏறிடும், அப்ப நிறைய வீட்டுக்குக் கட்டுப்படியாகற மீன் இது ஒண்ணு தான். இதைப் போயி ஏழைச் சாப்பாடுன்னு மூக்கைப் பொத்தறது எனக்கு மனசுக்கு ஒப்பல.

கால்சியம் நிறைய இருக்குன்றது உண்மையா?

முள்ளோட மென்னு முழுங்குற மீன்னா உண்மை, இல்லைன்னா இல்ல. கால்சியம் சதையில இல்ல, முள்ளுல இருக்கு. நெத்திலி, காரப்பொடி மாதிரி பொடிசுல 100 கிராமுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல வரும், அப்ப ஒரு கைப்பிடி தின்னா ஒரு கிளாஸ் பாலுக்கு சமமா வந்துடும். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1000 மில்லிகிராம். பால் ஒத்துக்காதவங்க இதைக் கவனிக்கணும். வஞ்சிரம், சீலா, கட்டா கருவாடெல்லாம் முள்ளை எடுத்துப் போட்டுட்டு சதையை மட்டும் தானே சாப்பிடறோம், அதுல புரதம் உண்டு, கால்சியத்துக்கு அதை நம்பக் கூடாது. பொடி மீன் முள்ளு குத்தும்னு பயந்தா நல்லா வறுத்துப் பொடிச்சுக்கங்க, முருமுருன்னு போயிடும்.

ஒமேகா 3 கருவாட்டுலயும் கிடைக்குமா?

கொஞ்சம் கிடைக்கும், இதுக்காகக் கருவாடு வாங்க வேணாம். மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி எண்ணெய் மீன்ல தான் ஒமேகா 3ங்கற நல்ல கொழுப்பு அதிகம், ஆனா அந்தக் கொழுப்பு தான் வெயிலும் காத்தும் பட்டா சீக்கிரம் கெடும். மத்திக் கருவாடு மஞ்சளா, துரு புடிச்ச மாதிரி மாறி காறல் வாடை அடிக்குதுன்னா அந்தக் கொழுப்பு போயிடுச்சுன்னு அர்த்தம், அதை சாப்பிடாதீங்க. இந்தச் சத்துக்கு மத்தியைப் பச்சையா வாங்கிக் குழம்பு வைக்கறது தான் சரி. கருவாட்டுக்குக் கொழுப்பு கம்மியான மீன் தான் தோது, நெத்திலி, வாளை, பன்னா எல்லாம் காய்ஞ்சு நிக்கறதுக்குக் காரணமே அது.

வைட்டமின்ல எது தங்கும், எது போகும்?

வைட்டமின் ஏ வெயிலுக்குத் தாங்காது. வங்கதேசத்துல மோலான்னு ஒரு சின்ன ஆத்து மீன் இருக்கு, வைட்டமின் ஏவுக்கே பேர் போனது, அதையே வெயில்ல காய வச்சா அந்த ஏ கிட்டத்தட்ட முழுசா போயிடுதுன்னு ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க. பி1ம் கணிசமா குறையும். பி12 ஓரளவு நல்லாவே தங்கும்.

உப்பு எவ்வளவு தாங்க இருக்கு?

இது தான் கருவாட்டோட பெரிய பிரச்சினை. பெரிய மீனைக் கீறி உப்பு வைக்கும்போது 3லேருந்து 5 கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்புன்ற கணக்குல போடுவாங்க. காய்ஞ்சு முடிஞ்சதும் எடையில நூத்துக்கு 15, சில நேரம் 20க்கு மேலயும் உப்பாவே இருக்கும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு மொத்தமா 5 கிராம் உப்புக்குள்ள நிறுத்தச் சொல்லுது. 30 கிராம் உப்புக் கருவாட்டுல மட்டும் 4.5 கிராம் வந்துடும், அப்புறம் குழம்புல போடற உப்பு, சோத்துல உப்பு, அப்பளம், ஊறுகாய், எல்லாம் சேர்த்தா எங்கயோ போயிடும். பழைய சோத்துக்குக் கருவாடு நல்ல ஜோடி தான், ஆனா கஞ்சியிலயும் உப்பு கரைச்சு, ஊறுகாயும் வச்சுக்கிட்டு, கருவாடும் கடிச்சா அது அந்த ஒரு வேளையிலயே ரெண்டு நாள் உப்பு.

என்ன பண்ணலாம்னா, உப்புக் கருவாட்டைத் துண்டு போட்டு வெதுவெதுப்பான தண்ணியில அரை மணி நேரம் ஊற வச்சு அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு மறுபடி ஊற வைங்க, ரெண்டு மூணு தடவை. அரிசி கழுவுன தண்ணியில ஊற வைக்கறவங்க உண்டு, அதுவும் சரி தான், வாடையும் கொஞ்சம் அடங்கும். உப்போட சேர்ந்து பி வைட்டமின் கொஞ்சம் போகும், போகட்டும், உப்பு குறையறது தான் இங்க முக்கியம். அப்புறம் குழம்புக்கு முதல்லயே உப்பு போடாதீங்க, கருவாடு வெந்து இறங்குன பிறகு ருசி பார்த்துட்டுப் போடுங்க, பெரும்பாலும் தேவையே படாது. சிலர் உருளைக்கிழங்கு போட்டா உப்பை இழுத்துக்கும்னு சொல்றாங்க, கிழங்கு உப்பைக் குடிச்சுட்டு அப்புறம் அந்தக் கிழங்கையும் நாம தானே சாப்பிடறோம்.

கடையில கேட்டு வாங்கணும்னா உப்பில்லாத கருவாடுன்னு கேளுங்க. நெத்திலியிலயே உப்பு போட்டது, போடாதது ரெண்டும் உண்டு. ஒண்ணை எடுத்து நுனி நாக்குல வச்சுப் பார்த்தாலே தெரிஞ்சிடும். இன்னொரு விஷயம், கருவாட்டுக்குப் போடறது பெரும்பாலும் உப்பளத்துக் கல்லுப்பு, அயோடின் கலந்த பாக்கெட் உப்பு இல்ல. அதனால அதுல இருக்குற அயோடின் மீனோடது மட்டும் தான்.

பிபி, சுகர், கிட்னி பிரச்சினை இருக்கறவங்க சாப்பிடலாமா?

பிபி இருந்தா உப்புக் கருவாட்டை விட்டுடுங்க, ஊற வச்சாலும் முழுசா போறதில்ல. உப்பில்லாத நெத்திலி கொஞ்சமா எடுத்துக்கலாம், டாக்டர் கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு. சுகருக்குக் கருவாட்டால நேரடியா ஒண்ணும் ஆகாது, அதுல மாவுச்சத்தே இல்ல, ஆனா கருவாட்டுக் குழம்புன்னா சோறு ரெண்டு மடங்கு உள்ள போகுதே, அது தான் சுகரை ஏத்தும். கிட்னி நோய் உள்ளவங்களுக்கு உப்பு, பாஸ்பரஸ், புரதம் மூணுமே கணக்குப் பண்ண வேண்டியது, அதனால டாக்டர் சொல்லாம தொடக் கூடாது. யூரிக் ஆசிட் ஏறி மூட்டு வீங்குற கவுட் இருந்தா நெத்திலி, மத்தி ரெண்டுலயும் யூரிக் ஆசிடா மாறுற ப்யூரின் அதிகம், வேணாம்.

கருவாடு சாப்பிட்டா முகம் சிவந்து உடம்பெல்லாம் அரிக்குது, அலர்ஜியா?

அலர்ஜியாவும் இருக்கலாம், மீன் கெடும்போது உண்டாகற ஹிஸ்டமின்ங்கற பொருளாவும் இருக்கலாம். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி, நெத்திலி மாதிரி மீன்களைப் புடிச்ச பிறகு ஐஸ் இல்லாம நேரம் கழிச்சா அதுல பாக்டீரியா ஹிஸ்டமினை உண்டாக்கிடும். காய வச்சாலும் போகாது, கொதிக்க வச்சாலும் போகாது, பொரிச்சாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல முகம் சிவக்கும், அரிப்பு, தலைவலி, படபடப்பு வரும். அதே மீனை வேற நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகலைன்னா பெரும்பாலும் இது தான், ஒவ்வொரு தடவையும் வந்தா அலர்ஜியான்னு பார்க்கணும். மூச்சு வாங்குனா உடனே ஆஸ்பத்திரி.

டிபி மருந்து எடுக்கறவங்க இதை கட்டாயம் தெரிஞ்சுக்கணும். அதுல ஐசோநயசிட்னு ஒரு மாத்திரை, உடம்பு ஹிஸ்டமினை உடைக்கறதைத் தடுக்கும். அதனால மத்தவங்களுக்கு ஒண்ணும் பண்ணாத அளவு கூட இவங்களுக்குப் படுத்தி எடுத்துடும். கோர்ஸ் முடியற வரைக்கும் சூரை, மாசி (சூரையை வேக வச்சுக் காய வச்சது), கானாங்கெளுத்திக் கருவாடெல்லாம் தள்ளி வைங்க.

கருவாடு சாப்பிட்டா கேன்சர் வரும்னு வாட்ஸப்ல வருதே?

அதுல ஒரு உண்மையைப் பாதியா வெட்டி அனுப்பறாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, சீன முறையில செய்யற உப்பு மீனை மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு முதல் பிரிவுல வச்சிருக்கு. தெற்கு சீனாவுல மூக்குக்குப் பின்னாடி தொண்டையில வர்ற புற்றுநோய்க்கும் அதுக்கும் தொடர்பு உறுதியாச்சு, அதுவும் பால்குடி மறக்குற வயசுலேருந்தே சாப்பிட்டவங்களுக்கு. அது மீனைக் கொஞ்சம் நொதிக்க விட்டு உப்பு வைக்கற முறை, நைட்ரோசமைன்னு ஒரு பொருள் அதுல உண்டாகுது. அதே அமைப்பு 1993ல மத்த உப்பு மீன்களைப் பத்தி முடிவு சொல்ல ஆதாரம் போதலைன்னு தனியா வச்சிடுச்சு. அதனால நம்ம கருவாடும் அதுவும் ஒண்ணுன்னு சொல்ல முடியாது. ஆனா உப்பு மீனை தினமும், நிறைய சாப்பிடறது வயித்துக்கு நல்லதில்லன்றது வேற காரணத்துக்காகவே சரி. வாரத்துக்கு ஒரு தடவை ரெண்டு தடவைன்னா போதும்.

கருவாடு சாப்பிட்டு மோர் குடிச்சா வெண்புள்ளி வருமா?

வராது. வெண்புள்ளி, தோல்ல நிறம் குடுக்குற செல்லை உடம்போட எதிர்ப்பு சக்தியே அழிக்கறதால வர்றது, அதுக்கும் மோருக்கும் மீனுக்கும் சம்பந்தம் இல்ல. கீரையோட சேர்க்கக் கூடாதுன்னு சொல்றதுக்கும் ஆதாரம் கிடையாது. வயித்துக்கு ஒத்துக்கலைன்னா விட்டுடுங்க, அவ்வளவு தான்.

பிள்ளை பெத்தவங்களுக்குப் பால் சுறா கருவாடு குடுக்கறாங்களே, பால் ஊறுமா?

பிள்ளை பெத்த பொண்ணுக்கு நல்ல சாப்பாடு போடணும்னு நினைச்சு நம்ம ஆத்தாக்கள், அப்பத்தாக்கள் செஞ்சது அது, அந்த அக்கறை பெரிய விஷயம். புரதம் கண்டிப்பா கிடைக்கும். ஆனா பால் சுரக்கறது குழந்தை எவ்வளவு அடிக்கடி வாய் வச்சு இழுக்குதுங்கறதைப் பொறுத்தது, சுறாவுல அதுக்குன்னு தனிச் சத்து ஒண்ணும் இல்ல. சுறாவுல ஒரு ஆபத்தும் இருக்கு. மத்த மீனைத் தின்னு வளர்ற மீன்கிறதால அதோட உடம்புல பாதரசம் சேரும், மீன் பெருசாக ஆக அளவும் ஏறும், காய வச்சா தண்ணி தான் போகுமே தவிர பாதரசம் போகாது. வயித்துல இருக்குற குழந்தைக்கும் பால் குடிக்குற குழந்தைக்கும் மூளை வளர்ற நேரம் அது. அதனால கர்ப்பமா இருக்கறவங்களும் பால் குடுக்கறவங்களும் சுறாக் கருவாட்டை விட்டுட்டு உப்பில்லாத நெத்திலிக்கு மாறிடுங்க, பூண்டு நிறைய போட்டு அதே புட்டோ குழம்போ வைக்கலாம். நெத்திலி சின்ன மீன், ஆயுசும் கம்மி, பாதரசம் சேர நேரமே கிடையாது.

குழந்தைக்கு எப்ப குடுக்கலாம்?

உப்புக் கருவாடு ஒரு வயசுக்குள்ள கூடவே கூடாது, அதுக்கப்புறமும் ரொம்பத் தள்ளிப் போடுங்க. உப்பில்லாத நெத்திலின்னா ஆறு மாசம் முடிஞ்சு மத்த சாப்பாடு பழகுன பிறகு, தலையைக் கிள்ளி, நாலு தண்ணியில மண் போகக் கழுவி, வறுத்து நைசா பொடிச்சு, சலிச்சு, சோத்துல ஒரு சிட்டிகை போட்டுப் பிசைஞ்சு குடுக்கலாம். முதல் தடவை கொஞ்சமா குடுத்து அலர்ஜி வருதான்னு பாருங்க. பொடியை நிறைய பண்ணி மாசக் கணக்குல வைக்காதீங்க.

சென்னாக்குன்னி, மாசி எல்லாம்?

சென்னாக்குன்னி மீனே இல்ல, கூனி இறால். ஓட்டோட சாப்பிடறதால கால்சியம் நல்லா இருக்கும், கொலஸ்ட்ரால் மீனை விட ஜாஸ்தி, ஆனா சாப்பிடறது ரெண்டு ஸ்பூன் தானே. இறால் அலர்ஜி இருந்தா தொடவே கூடாது. மாசி, சூரை மீனை வேக வச்சு புகை போட்டுக் காய வைக்கறது, மாலத்தீவும் மினிக்காயும் அதுக்குப் பேர் போன இடம், இலங்கையில மாசிச் சம்பல் இல்லாத வீடு கம்மி. கட்டை மாதிரி இருக்கும், புரதம் ரொம்ப அதிகம், துளியா சேர்த்தாலே ருசி ஏறிடும்.

எப்படிப் பார்த்து வாங்கறது?

இதுல தான் சத்தும் சுத்தமும் பாதி தீர்மானமாகுது. சில இடத்துல வித்துப் போகாம மிஞ்சுன, கெட ஆரம்பிச்ச மீனைத் தான் கருவாடு போடறாங்க, அதை வெறும் மணல்ல கொட்டி காய வைக்கறாங்க. நல்ல கருவாடு ஃப்ரெஷ் மீன்லேருந்து தான் வரும். நெத்திலி வெள்ளையா, லேசா கண்ணாடி மாதிரி இருக்கணும், வயிறு வெடிச்சிருந்தா காயறதுக்கு முன்னாடியே கெட்டுப் போச்சுன்னு அர்த்தம். வாளை வெள்ளித் தகடா மின்னணும். மேல ரோஸ் கலர், சிவப்புத் திட்டு இருந்தா அது உப்புலயே வளர்ற பாக்டீரியா, பழுப்புப் புள்ளி புள்ளியா இருந்தா பூஞ்சை, ரெண்டும் வேணாம். அடியில மரத்தூள் மாதிரி தூள் கொட்டுனா வண்டு குடைஞ்சிருக்கு. கையில அழுத்துனா மெத்துன்னு ஈரமா இருந்தா சரியா காயலை, எடைக்கு ஈரத்தையும் உப்பையும் வாங்கறீங்க.

ஒரு ஈ கூட உட்காராத கருவாடுன்னு பெருமையா சொன்னா அங்கயும் சந்தேகப்படுங்க, ஈயும் வண்டும் வராம பூச்சி மருந்து தெளிக்கற கெட்ட வழக்கம் சில இடங்கள்ல உண்டு. மருந்து வாடை வந்தா வாங்காதீங்க. கோழித் தீவனத்துக்குன்னு மணல்ல கலந்து காயற பொடி மீன் விலை கம்மியா கிடைக்குதேன்னு சமைக்க எடுக்காதீங்க.

பரண்லயோ, வலை விரிச்ச பந்தல்லயோ, சோலார் டிரையர்லயோ காய வச்சதுன்னா ரெண்டு காசு கூடக் குடுத்து வாங்குங்க. கொச்சியில இருக்குற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இந்த டிரையரெல்லாம் வடிவமைச்சுக் குடுத்திருக்கு. கரையில வெயில்ல நின்னு கழுவி, கீறி, உப்பு வச்சு, திருப்பிப் போட்டு எடுக்கறது பெரும்பாலும் பெண்கள், சுத்தமா செய்ய ஆகுற கூடுதல் செலவு அவங்க தலையில விழக் கூடாது.

பொரிக்கறதா, குழம்பா?

குழம்பு தான். எண்ணெயில பொரிச்சா கலோரி ஏறும், மிச்சம் இருக்குற நல்ல கொழுப்பும் போகும். கத்தரிக்காய், மொச்சை, முருங்கைக்காய், மாங்காய் போட்டு வைக்கற குழம்புல நாலு துண்டு கருவாடே வீடு முழுக்கப் போதும், காயும் பயறும் சேர்ந்து உள்ள போகுது, ஆளுக்கு உப்பும் கம்மியாகுது. சுட்டுத் தின்னா கருக விடாதீங்க.

எவ்வளவு நாள் வச்சுக்கலாம்?

நல்லா காய்ஞ்சதுன்னா காத்துப் புகாத டப்பாவுல போட்டு ஃபிரிட்ஜ்ல வைங்க, சில மாசம் தாங்கும். வெளியில வச்சா மழைக்காலத்துல ஈரம் இழுத்து பூஞ்சை வந்துடும், அப்பப்ப வெயில் காட்டணும். வண்டு வந்துடுமோன்னு பயமா இருந்தா வாங்குன உடனே ஃபிரீசர்ல கொஞ்ச நாள் வச்சு எடுத்துடுங்க, முட்டையும் செத்துடும். காறல் வாடை வந்த கருவாட்டைக் கழுவி வெயில்ல போட்டுத் தேத்தப் பார்க்காதீங்க, தூக்கிப் போட்டுட்டு அடுத்த தடவை கால் கிலோவா வாங்குங்க.